மஞ்சள் கேபிள் ஏன் தோற்றது? ஈத்தர்நெட் டெலிபோன் கம்பிக்கு மாறிய கதை

ரவுட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் கம்பியை ஈத்தர்நெட் கேபிள் என்று சொல்லித்தான் கடையில் வாங்குகிறோம். ஆனால் ஒரே கட்டடத்துக் கணினிகளை இணைக்கும் முறையான ஈத்தர்நெட்டை உருவாக்கியவர்களின் கேபிள் இது இல்லை. அவர்களுடையது விரல் தடிமனுக்கு இருந்த, வளைக்கவே சிரமமான கோஆக்சியல் கேபிள், அதாவது நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக வலையும் உள்ளது. இப்போது நாம் பயன்படுத்துவது டெலிபோன்காரர்களின் முறுக்குக் கம்பி. ஒவ்வொரு மேசையிலிருந்தும் தனித்தனிக் கம்பி ஒரு அறைக்கு ஓடும் அமைப்பும் டெலிபோனிலிருந்து வந்ததுதான், அதைக் கணினி வலையமைப்புக்கென்று பெரிய அளவில் விற்றது ஈத்தர்நெட்டின் போட்டியாளரான ஐபிஎம். ஈத்தர்நெட்டுக்குச் சொந்தமாக மிஞ்சியது டேட்டா ஃபிரேமின் (ஒரு முறை அனுப்பும் டேட்டாப் பொட்டலத்தின்) வடிவமும் பெயரும்தான்.

இந்த மாற்றம் 1973-க்கும் 1990-க்கும் இடையில் நடந்தது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் விலை, வேகம், சிப் உற்பத்தி. அவையும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, சுவருக்குள் ஏற்கெனவே என்ன கம்பி கிடக்கிறது, இந்த இரண்டும்தான் முடிவைத் தீர்மானித்தன என்பது என் கட்சி.

பாலோ ஆல்ட்டோவில் போட்ட அஸ்திவாரம்

1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் ஆல்ட்டோ என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு கணினி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு லேசர் பிரிண்டர் என்பது திட்டம். ஒரே கட்டடத்துக்குள் நிறையக் கணினிகளை மலிவாக இணைக்கும் வேலை ராபர்ட் மெட்காஃபிடம் வந்தது. மே 22 தேதியிட்ட ஒரு உள்குறிப்பில் அவர் யோசனையை எழுதினார், டேவிட் போக்ஸ் கூடச் சேர்ந்துகொள்ள, இருவரும் அதை ஓடவைத்தார்கள். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். விநோதமான எண்ணாகத் தெரிந்தால், காரணம் ரொம்ப எளிது: ஆல்ட்டோவின் ஒரு சுழற்சிக்கு 170 நானோவிநாடி, இரண்டு சுழற்சிக்கு ஒரு பிட் என்று வைத்துக்கொண்டார்கள். தனியாக ஒரு கடிகாரம் தேவைப்படவில்லை.

மூல யோசனை ஹவாயிலிருந்து வந்தது. நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் அங்குள்ள பல்கலைக்கழகம் 1971-இல் ஓட்டிய அலோஹா வலையமைப்பில், தீவுகளில் இருந்த நிலையங்கள் எல்லாம் ஒரே ரேடியோ அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டன. அனுப்ப வேண்டியதிருந்தால் அனுப்பு, இன்னொருவருடையதோடு மோதிவிட்டால் ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு, அவ்வளவுதான் விதி. இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் சுமார் 18 சதவீதத்துக்கு மேல் தேறாது. மெட்காஃப் இதில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்: பேசும் முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும், பேசும்போதே மோதல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ரேடியோவுக்குப் பதில் கோஆக்ஸ் கேபிள். அதில் இணைப்பு எடுக்க, கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்திய டேப்பையே (கேபிளை வெட்டாமல் இணைப்பு எடுக்கும் கவ்வியையே) எடுத்துக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கேபிளுக்கு நடுவில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி எதுவும் இல்லை என்பது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் மையமும் இல்லை. மையமே இல்லாவிட்டால் மையம் பழுதாகி மொத்தமும் படுத்துவிடும் ஆபத்தும் இல்லை அல்லவா? மெட்காஃபும் போக்ஸும் 1976-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த நம்பகத்தன்மைதான் முக்கியமான வாதங்களில் ஒன்று. காகிதத்தில் யாராலும் மறுக்க முடியாத வாதம். கட்டடத்துக்குள் போனதும் அது தலைகீழானது.

மஞ்சள் கேபிளை இழுத்தவர்கள் பாடு

மெட்காஃப் 1979-இல் ஜெராக்ஸை விட்டு வெளியே வந்து த்ரீகாம் நிறுவனத்தைத் தொடங்கினார். டிஇசி என்ற கணினி நிறுவனம், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 1980 செப்டம்பர் 30 அன்று 10 மெகாபிட் ஈத்தர்நெட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில் தரநிலைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ, 802 என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே தரநிலை என்பது ஆசை. நடந்தது வேறு: ஈத்தர்நெட்டுக்கு 802.3, தொழிற்சாலைகளை மனதில் வைத்த டோக்கன் பஸ்ஸுக்கு (டோக்கன் கையில் வந்தவர் மட்டும் பேசலாம் என்ற முறை) 802.4, அதே முறையில் ஓடும் ஐபிஎம்மின் டோக்கன் ரிங்குக்கு 802.5 என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தார்கள். 802.3 ஒப்புதல் பெற்றது 1983-இல், அச்சில் வந்தது 1985-இல்.

அந்தத் தரநிலையில் இருந்த கேபிளின் பெயர் 10பேஸ்5. விநாடிக்கு 10 மெகாபிட், ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகலாம். சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், பெரும்பாலும் மஞ்சள் உறை. 2.5 மீட்டருக்கு ஒரு முறை உறையின் மேல் கறுப்பு வளையம் அச்சிட்டிருக்கும். அழகுக்கு இல்லை அது. ஒவ்வொரு இணைப்பிலும் சிக்னலில் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும், எல்லா இணைப்புகளின் எதிரொலியும் ஒன்றுகூடிப் பெரிதாகிவிடக் கூடாது என்பதற்காக, அந்த வளையம் உள்ள இடத்தில் மட்டுமே இணைப்பு எடுக்கலாம் என்று விதி வைத்தார்கள்.

புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒருவர் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட வேண்டும். கறுப்பு வளையத்தைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் கவ்வியைப் பூட்டி, அதற்கென்றே உள்ள துளைக் கருவியால் உறை, உலோக வலை, அதற்கும் உள்ளே இருக்கும் நுரை எல்லாவற்றையும் கடந்து, நடுக் கம்பியைச் சேதப்படுத்தாமல் துளை போட வேண்டும். அப்புறம் ஒரு ஊசி நடுக் கம்பியைத் தொடும்படியும் மற்ற பற்கள் உலோக வலையைக் கடித்துக்கொள்ளும்படியும் டேப்பை முறுக்க வேண்டும். கடிக்கும் விதத்தைப் பார்த்து இதற்கு வாம்பையர் டேப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். துளை போடும்போது உலோக வலையின் ஒரு மெல்லிய இழை நுரைக்குள் விழுந்து நடுக் கம்பியைத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகி, அந்தத் துண்டில் இருக்கும் நூறு கணினிகளும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். டேப்போடு ஒட்டிய ட்ரான்ஸ்ஸீவர் (சிக்னலை அனுப்பிப் பெறும்) பெட்டியிலிருந்து கணினி வரை இன்னொரு தடித்த கேபிள், 50 மீட்டர் வரை. அதன் 15 முள் கனெக்டரில் திருகு கிடையாது, தகரத்தை நகர்த்திப் பூட்டும் தாழ்ப்பாள் மட்டும். அது கேபிளின் எடை தாங்காமல் கழன்று விழுவது ரொம்பப் பிரசித்தம்.

கேபிளின் இரண்டு முனையிலும் சிக்னலை விழுங்கிக்கொள்ளும் 50 ஓம் டெர்மினேட்டர் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முனைக்குப் போன சிக்னல் திரும்பி வந்து, அடுத்து வருவதோடு மோதும். யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து எல்லாக் கணினிகளும் ஒதுங்கிக்கொள்ளும்.

மெலிந்த கேபிள், புதிய தலைவலி

த்ரீகாம் 1982-இல் ஐபிஎம் பிசிக்கான ஈத்தர்லிங்க் கார்டைக் கொண்டுவந்தது. ட்ரான்ஸ்ஸீவர் பெட்டியைச் சீலிங்கிலிருந்து இறக்கிக் கார்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், கேபிளையும் மெலிதாக்கினார்கள். ரான் கிரேன் என்ற பொறியாளரின் பங்கு இதில் பெரிது. ஆர்ஜி-58 ரகக் கோஆக்ஸ், பிஎன்சி முனை, ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஒரு டி-கனெக்டர். இதுவே 10பேஸ்2 ஆனது. பெயரில் உள்ள 2 என்பது 200 மீட்டரைக் குறிக்க வேண்டும், நிஜத்தில் அனுமதித்தது 185 மீட்டர்தான். கமிட்டிக்காரர்களுக்குத் தாராள மனசு.

ஏணி தேவையில்லை, துளை தேவையில்லை, விலையும் கம்மி. சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அது சீலிங்கிலிருந்து தரைக்கு இறங்கியது, அவ்வளவுதான். மஞ்சள் கேபிள் யார் கையும் எட்டாத உயரத்தில் இருந்தது. இது மேசைக்கு மேசை, காலுக்கடியில் ஓடியது. ஒருவர் மேசையைக் கொஞ்சம் நகர்த்தி, கணினியின் முதுகிலிருந்து டி-யைக் கழற்றாமல் டி-யிலிருந்து கேபிளைக் கழற்றினால் போதும், கேபிள் இரண்டு துண்டாகிவிடும். இரண்டு துண்டுக்கும் ஒரு முனையில் டெர்மினேட்டர் இல்லை, எனவே இரண்டுமே செத்துவிடும். எட்டாவது மேசைக்காரர் செய்த காரியத்துக்கு முதல் மேசைக்காரரின் பிரிண்ட் நின்றுபோகும். 90களில் நம்மூர்க் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும்: மொத்த லேபும் உறைந்து நிற்க, லேப் உதவியாளர் ஒரு டெர்மினேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டி-யாகக் கழற்றிப் பாதிப் பாதியாகப் பழுதைத் துரத்திக்கொண்டு போவார்.

மையம் இல்லாததால் பழுதாக மையமும் இல்லை என்ற வாதம் இங்கேதான் உடைந்தது. மையம் இல்லாததால் பழுதைப் பார்க்க ஒரு இடமும் இல்லை. கேபிளின் எந்த அங்குலமும் மொத்த வலையமைப்பையும் நிறுத்தலாம், எந்த அங்குலம் என்று சொல்ல ஆள் இல்லை. சிக்னலை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை வைத்து உடைப்பு எத்தனை மீட்டரில் என்று சொல்லும் கருவி இருந்தது, ஆனால் அது எல்லா அலுவலகத்திலும் வாங்கி வைக்கும் விலையில் இல்லை.

ஐபிஎம் சரியாகக் கணித்த ஒரு விஷயம்

ஐபிஎம் 1984-இல் தன் கேபிளிங் சிஸ்டத்தை அறிவித்தது. 150 ஓம் உறையிட்ட முறுக்குக் கம்பி. ஒவ்வொரு மேசையிலிருந்தும் மாடியின் வயரிங் அறைக்குத் தனி ஓட்டம். அதன் மேல் ஓடவேண்டிய டோக்கன் ரிங் 1985 அக்டோபரில்தான் வந்தது, 4 மெகாபிட் வேகத்தில். கணினிகள் மின்னளவில் வளையமாக இருந்தாலும் கம்பிகள் நட்சத்திரம் போல ஒரு மையத்துக்குத்தான் போயின. அங்கே இருந்த பெட்டிக்குள் ரிலேக்கள் இருந்தன, ஒரு கணினி அணைந்தால் ரிலே சட்டென்று விழுந்து அதை வளையத்திலிருந்து ஒதுக்கிவிடும், மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை ஐபிஎம் சொன்னதுதான் சரி, ஈத்தர்நெட்காரர்கள் சொன்னது தப்பு. இதை ஈத்தர்நெட் ஆதரவாளர்கள் எழுதும் வரலாறுகள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. ஐபிஎம் கோட்டைவிட்டது கம்பியில். அந்த உறையிட்ட கேபிளும் தடிமன்தான், குழாய்களை நிரப்பிவிடும், கனெக்டர் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்கு இருக்கும், எல்லாமே விலை. சுவருக்குள் ஏற்கெனவே கிடந்த கம்பியை விட்டுவிட்டுப் புதிதாக இழுக்கச் சொன்னார்கள்.

சுவருக்குள் கிடந்த சொத்து

முறுக்குக் கம்பி ரொம்பப் பழைய விஷயம். இரண்டு கம்பிகளை முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துவிடும் என்ற அடிப்படையில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் நூறு ஆண்டுகளில் அமெரிக்காவின் அலுவலகக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கம்பி போய்விட்டது. மேசைக்கு இரண்டு மூன்று இணை (ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பி ஒரு இணை) இழுத்துவைத்து, ஒன்றை மட்டும் டெலிபோனுக்குப் பயன்படுத்தி மற்றதைச் சும்மா விட்டுவைப்பது வழக்கம்.

1984 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் பெரிய டெலிபோன் நிறுவனமான ஏடி அண்ட் டி உடைந்தது. பெல் ராஜ்ஜியம் கலைந்த அந்தக் காலகட்டத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் கம்பி டெலிபோன் கம்பெனியின் தனிச்சொத்து என்ற நிலையும் போய், கட்டடக்காரரின் பொறுப்பானது. சும்மா கிடக்கும் அந்த இணைகளில் என்ன ஓட்டலாம் என்ற கேள்விக்கு முதல் பதில் ஸ்டார்லேன். ஏடி அண்ட் டி-யும் இன்டெல்லும் முன்னின்று கொண்டுவந்த இது, 802.3-க்குள்ளேயே 1987-இல் 1பேஸ்5 என்ற தரநிலையாக வெளிவந்தது. அதே ஈத்தர்நெட் ஃபிரேம், ஆனால் டெலிபோன் கம்பி, நடுவில் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் ஹப் பெட்டி. வேகம் 1 மெகாபிட். அங்கேதான் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் 10 மெகாபிட் கோஆக்ஸும் 4 மெகாபிட் டோக்கன் ரிங்கும் இருக்கும்போது 1 மெகாபிட்டை யார் வாங்குவார்கள்? சந்தையில் சுருண்டுவிட்டது. ஆனால் ஹப்பின் வடிவம், அனுப்ப ஒரு இணை பெற ஒரு இணை என்ற ஏற்பாடு எல்லாம் ஸ்டார்லேன் விட்டுச்சென்றதுதான்.

இதற்கிடையில் பாலோ ஆல்ட்டோவிலேயே ரொனால்ட் ஷ்மிட் என்பவர் கண்ணாடி இழையில் ஈத்தர்நெட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். இழையில் நடுவில் துளைபோட்டு இணைப்பு எடுப்பது சுலபமில்லை, அதனால் நட்சத்திர அமைப்புக்குப் போக வேண்டிய கட்டாயம். அவரும் ஆண்ட்ரூ லட்விக்கும் 1985-இல் வெளியே வந்து சின்ஆப்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் இழை, அடுத்து ஐபிஎம்மின் உறையிட்ட கேபிள். இதில்தான் வேடிக்கை: ஐபிஎம்மை நம்பி அந்தக் கேபிளை இழுத்துவைத்துவிட்டு டோக்கன் ரிங்குக்காகக் காத்திருந்த கட்டடங்களில் இவர்கள் ஈத்தர்நெட்டை விற்றார்கள். 1987-இல் சாதாரண டெலிபோன் கம்பியிலேயே 10 மெகாபிட் ஓட்டும் லாட்டிஸ்நெட்டை அறிவித்தார்கள்.

தரநிலை எழுத உட்கார்ந்தபோது சின்ஆப்டிக்ஸ் முறை அப்படியே ஏற்கப்படவில்லை, ஹெச்பி உள்ளிட்ட மற்றவர்களின் யோசனைகளும் மேசைக்கு வந்தன. தொழில்நுட்பச் சிக்கலும் சின்னதில்லை. குரலுக்கென்று போட்ட கம்பியில் அதிர்வெண் கூடக்கூடச் சிக்னல் வேகமாகத் தேயும், பக்கத்து இணைக்குள் கசியும், ரேடியோ இரைச்சலைக் கிளப்பி அரசு விதிகளையும் மீறும். இதற்கு ஒரு கெட்டிக்காரத் தீர்வு செய்தார்கள். ஈத்தர்நெட் சிக்னலில் குட்டைத் துடிப்பும் உண்டு, அதைப்போல இரண்டு மடங்கு நீளத் துடிப்பும் உண்டு. நீளத் துடிப்பின் பின்பாதியை அனுப்பும்போதே வேண்டுமென்றே குறைத்து அனுப்பினால், கம்பி தன் பங்குக்குக் குட்டைத் துடிப்பைத் தேய்த்த பிறகு, மறுமுனையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய்ச் சேரும். கம்பி செய்யப்போகும் சேதத்தை முன்கூட்டியே ஈடுகட்டிவிடுவது. 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை இழப்பு 11.5 டெசிபலுக்குள் இருந்தால் போதும் என்று வரம்பு வைத்தார்கள். தூரம் 100 மீட்டர். பெரும்பாலான மேசைகள் வயரிங் அறையிலிருந்து அதற்குள்தான் இருக்கும். 1990 செப்டம்பரில் இந்த முறை 10பேஸ்-டி என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது.

ஒரு சின்ன விளக்கு

10பேஸ்-டி வென்றதற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நான் லிங்க் விளக்கைச் சொல்வேன். டேட்டா எதுவும் ஓடாதபோது இரண்டு பக்கமும் சுமார் 16 மில்லிவிநாடிக்கு ஒரு முறை ஒரு குட்டித் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்து சேர்ந்தால் ஹப்பில் அந்தப் போர்ட்டின் விளக்கு எரியும், வராவிட்டால் அணையும். கோஆக்ஸில் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேட வேண்டியிருந்த பழுதை இப்போது வயரிங் அறைக் கதவைத் திறந்து ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்: நாலாவது போர்ட் அணைந்திருக்கிறது, நாலாவது ஆளின் கம்பியைப் பார். ஒரு கார்டு கெட்டுப்போய் ஓயாமல் மோதிக்கொண்டே இருந்தால், தொடர்ந்து முப்பதுக்கு மேல் மோதல் வந்ததும் ஹப் அந்தப் போர்ட்டைத் தானே ஒதுக்கிவிடும். கூடாது என்று 1976-இல் வாதிட்ட அதே மையப் பெட்டி, மின்சாரம் தேவைப்படும் பெட்டி, ஹப் என்ற பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது. அது கெட்டால் எல்லோரும் நிற்பார்கள்தான். ஆனால் எது கெட்டது என்று தெரியும், வேறொன்றை மாட்டலாம்.

கிரிம்ப் செய்பவர்கள், அதாவது கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துபவர்கள், மனப்பாடமாகச் சொல்லும் நிற வரிசையிலும் டெலிபோனின் முத்திரை இருக்கிறது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை இணையை ஏன் நடுவில் பிரித்து 3-லும் 6-லும் போடுகிறோம்? நடுவில் உள்ள 4, 5 டெலிபோன் லைனுக்கு உரியவை. 10பேஸ்-டி அந்த இரண்டைத் தொடாமல் 1, 2, 3, 6-ஐ எடுத்துக்கொண்டது. தெரியாத்தனமாக டெலிபோன் பிளக்கை அந்தச் சாக்கெட்டில் செருகினாலும் முதல் லைனின் மணியடிக்கும் மின்னழுத்தம் கார்டுக்குள் பாயாது. நிறவரிசைகூட ஏடி அண்ட் டி-யின் 258ஏ வயரிங்தான், 568பி என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. கட்டடத்துக்கு எந்தக் கம்பி இழுப்பது என்பதற்கான முதல் 568 தரநிலை 1991-இல் வந்தது, கேட்டகரி 3, 4, 5 என்ற கம்பித் தரப் பிரிவுகளும் அதே ஆண்டு சேர்ந்தன.

யாரும் திட்டமிடாத விளைவு

அனுப்ப ஒரு இணை, பெற ஒரு இணை என்று பிரித்தது டெலிபோன் கம்பியின் வசதிக்காக. ஆனால் ஒருமுறை பிரித்தபின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாமே! அதற்கு ஹப்பின் இடத்தில், ஃபிரேமைப் பார்த்து உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் பெட்டி வேண்டும். வினோத் பரத்வாஜ் இணைந்து நிறுவி, மனைவியின் பெயரை வைத்த கல்பனா நிறுவனம் 1990-இல் ஏழு போர்ட் ஈத்தர்நெட் ஸ்விட்சைக் கொண்டுவந்தது. ஸ்விட்சும் இருவழிப் பேச்சும் சேர்ந்ததும் மோதல் என்பதே இல்லாமல் போனது. மோதலைக் கண்டுபிடிக்க 51.2 மைக்ரோவிநாடி வேண்டும் என்பதற்காக வைத்த 64 பைட் குறைந்தபட்ச ஃபிரேம் மட்டும் எதற்கென்று தெரியாமல் இன்றும் கூடவே வருகிறது. மெட்காஃபின் மூல யோசனையில் எது இதயமோ, அதைக் கேபிள் மாற்றம் சத்தமில்லாமல் கழற்றிவிட்டது.

ஐஇஇஇ 2003-இல் 10பேஸ்5-ஐயும் 2011-இல் 10பேஸ்2-ஐயும் புதிதாகப் போட வேண்டாம் என்ற பட்டியலில் சேர்த்தது. அத்தோடு பகிர்ந்த கேபிள் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் 2019-இல் 10பேஸ்-டி1எஸ் வந்தது: ஒரே ஒரு முறுக்கு இணை, 25 மீட்டர், அதில் குறைந்தது எட்டுக் கருவிகளாவது வரிசையாகத் தொங்கலாம், வேகம் அதே 10 மெகாபிட், இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் கட்டாயம். காருக்குள் இருக்கும் சென்சார்களுக்கும் தொழிற்சாலைக் கருவிகளுக்கும் என்று உருவாக்கியது. அங்கே இது பிழைக்க வாய்ப்பு அதிகம். காருக்குள் யாரும் மேசையை நகர்த்தப் போவதில்லை.